வாவிக்கரைக்கு வந்த இருப்புப்பாதை

வீட்டுக்குத் தலைவாசல் இருப்பது போலவே ஊருக்கும் ஒரு வாசல் உண்டு. விருந்தினர் எவ்வழியாக வருகின்றனரோ, அரசாங்கத்தின் கடிதம் எவ்வழியாக வருகின்றதோ, விளைந்த பொருள் எவ்வழியாக வெளியேறுகின்றதோ அவ்வழியே ஊரின் வாசல். வீட்டு வாசலை வேண்டியபடி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். ஊரின் வாசலோ எளிதில் மாறுவதன்று. அது மாறும்போது தெருக்களின் மதிப்பு மாறும், கடைகள் இடம்பெயரும், கோடியில் கிடந்த சிற்றூர் நடுவுக்கு வரும், நடுவில் இருந்த துறை கோடிக்குப் போய்விடும்.

மட்டக்களப்பின் வாசல் ஒருமுறை அவ்வாறு திரும்பியது. அதைத் திருப்பியது 1928ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த இருப்புப்பாதை. அந்தக் கதையை நகரத்திலிருந்து தொடங்காமல், நகரத்தின் கொல்லைப்புறம் என்று சொல்லத்தக்க கரடியனாற்றிலிருந்து தொடங்குவோம். கொல்லையில் நின்று பார்ப்பவர்க்கே தலைவாசல் எவ்வளவு தொலைவில் இருக்கின்றது என்பது நன்கு விளங்கும்.

எழுவானும் படுவானும்

திருகோணமலை வீதியில் செங்கலடிச் சந்தியை அடைந்து உள்நாட்டுப் பக்கமாகத் திரும்பினால் பதுளை வீதி நம்மை ஏற்றுக்கொள்கிறது. இலுப்படிச்சேனையைக் கடந்து சென்றால் கரடியனாறு. அதற்கப்பால் புல்லுமலை, மகா ஓயா, பிபிலை என்று நீண்டு, மெல்ல மெல்ல மலையேறிப் பதுளையில் போய் முடிகின்றது அந்தச் சாலை. கரடியும் ஆறும் கலந்த பெயரே ஊரின் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. ஒரு புறம் வயல். மறு புறம் காடு. இடையிடையே கருங்கற் குன்றுகள். அயலில் உறுகாமம், உன்னிச்சை முதலிய குளங்கள். மாரி பொழிந்தால் கண்ணுக்கெட்டிய மட்டும் பசுமை; கோடை வந்தால் புழுதியும் வெயிலும்.

மட்டக்களப்பு மக்கள் தம் நாட்டைச் சூரியனைக் கொண்டே இரண்டாகப் பகுத்தனர். வாவிக்குக் கிழக்கே, கடலோரமாக உள்ள நிலம் எழுவான்கரை. மேற்கே உள்ள நிலம் படுவான்கரை. கதிரவன் எழுவதும் படுவதும் எல்லைக்கற்களாக நிற்கும் இத்தகைய அழகிய பகுப்பு வேறெங்கும் எளிதிற் காணக்கிடைப்பதன்று. இரண்டுக்கும் இடையே சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வடக்கும் தெற்குமாகக் கிடக்கின்றது வாவி. நெல்லும் பாலும் தயிரும் தேனும் படுவான்கரையில். சந்தையும் கச்சேரியும் பெரிய பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் எழுவான்கரையில். ஆகவே வாவியைக் கடப்பது படுவான்கரையாருக்கு வாழ்க்கையின் ஒரு பகுதியாயிற்று.

கடப்பதற்குத் தோணி உண்டு. அதனோடு ‘பாதை’யும் உண்டு. வெளியூரார் இச்சொல்லைக் கேட்டால் சாலை என்றே எண்ணுவர். மட்டக்களப்பிலோ, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு துறையிலிருந்து மறு துறைக்கு மிதந்து செல்லும் தட்டையான ஓடத்துக்கும் பாதை என்றே பெயர். அம்பிளாந்துறை, மண்முனைத்துறை என்னும் ஊர்ப்பெயர்களே அந்தத் துறைகளின் பழமைக்குச் சான்று. நீரின் மேல் மிதக்கும் மரத்தட்டைப் பாதை என்று அழைத்த மக்களின் மனத்தில், வழி என்பது நிலத்தில் கிடக்க வேண்டும் என்ற கட்டாயமே இருந்திருக்காது போலும்!

கடலைப் பார்த்திருந்த காலம்

அந்நாளில் மட்டக்களப்பு கடலைப் பார்த்திருந்த ஊர். வந்தவரெல்லாம் கடல்வழியாகவே வந்தனர். போர்த்துக்கேயர் 1628இல் வாவியின் நடுவேயுள்ள புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். பத்தாண்டுகள் கழித்து, 1638இல், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனோடு கூட்டுச்சேர்ந்து வந்த ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தர் பிடித்த முதற் கோட்டை அதுவே. அதன் பின் ஆங்கிலேயர் வந்தனர். 1848இல் இங்கு வந்த எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி, இரவில் படகேறி வாவியின் நடுவே சென்று, நீருக்கடியிலிருந்து எழும் இசையைக் கேட்டுத் தம் நூலில் எழுதிவைத்தார். மட்டக்களப்பின் பாடும் மீன் உலகப் புகழ் பெற்றதற்கு அவர் எழுத்தும் ஒரு காரணம்.

ஆனால், அந்தக் கடல்வாசல் தாராளமாகத் திறந்திருந்த வாசலன்று. வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் மணல் திட்டுக்கள் அடைத்துக்கொள்ளும். பெருங்கப்பல்கள் உள்ளே வர இயலாமல் கடலிலேயே நங்கூரமிட்டு நிற்க, பொருள்களைப் படகுகளில் ஏற்றி இறக்க வேண்டும். வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதுவும் அரிது. 1913இல் முகத்துவாரத்தருகே எழுந்த வெளிச்சவீடு இன்றும் நிற்கின்றது. கப்பல்களை எதிர்பார்த்து ஒரு நகரம் ஏற்றிவைத்த விளக்கு அது.

கடலுக்கு எதிர்ப்புறத்தில், கரடியனாற்றுப் பக்கமாக, இன்னொரு வழியும் இருந்தது. அது கொல்லைப்புற வழி. கீழ்க்கரையிலிருந்து உப்பையும் கருவாட்டையும் பொதிமாடுகளின் முதுகில் ஏற்றிக்கொண்டு, வணிகர் கூட்டம் கூட்டமாக மலைநாட்டுக்குச் செல்வது பழைய நாளின் வழக்கம். பொதிமாட்டுக்குப் பின் மாட்டுவண்டில் வந்தது. வண்டிலுக்குப் பின் மோட்டார் வந்தது. எனினும் காட்டையும் காய்ச்சலையும் கடந்து செல்ல வேண்டிய அவ்வழி, ஊருக்கு வாசலாகுமளவுக்குப் பெருகவில்லை.

நகருக்குள் ஓடிய தண்டவாளம்

இதே காலத்தில் வேறு கடற்கரைப் பட்டினங்கள் சில, தண்டவாளத்தைத் தம் தெருக்களிலேயே பதித்துக்கொண்டன. சென்னையில் 1895ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் மின்சார டிராம் வண்டி ஓடத் தொடங்கியது. இந்தியாவில் மின்சாரத்தால் ஓடிய முதல் டிராம் அதுதான். முதலில் மின்கம்பியைத் தெருவின் அடியிலே ஒரு கால்வாயில் பதித்திருந்தனர். மழைக்காலத்து வெள்ளம் அதில் புகுந்து தொல்லை கொடுக்கவே, பின்னர்க் கம்பியைத் தலைக்கு மேலே தூக்கிக் கட்டினர். மேல்நாட்டுப் பொறியியல் நம் மாரியிடம் கற்றுக்கொண்ட பாடம் அது! சென்னையைப் பின்பற்றிக் கொழும்பிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் டிராம் வந்தது. கோட்டைப் பகுதியிலிருந்து ஒரு வழி கிராண்ட்பாஸுக்கும், மற்றொரு வழி பொரளைக்கும் சென்றது. துறைமுகத் தொழிலாளியும் கந்தோர் எழுதுவினைஞனும் பள்ளி மாணவனும் ஒரே பலகையில் அமர்ந்து சென்ற வண்டி அது. 1929இல் அதன் தொழிலாளர் ஏ. ஈ. குணசிங்க தலைமையில் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது.

மட்டக்களப்பில் டிராம் ஓடியதில்லை. நீர் சூழ்ந்த சிறிய புளியந்தீவுக்கு அது தேவைப்படவுமில்லை. துறைக்குத் துறை சென்று ஆளை ஏற்றி இறக்கிய தோணியும் பாதையுமே நமது டிராம் வண்டிகள். நமக்கு வேண்டியிருந்தது ஊருக்குள் ஓடும் தண்டவாளமன்று. ஊரை நாட்டோடு சேர்க்கும் தண்டவாளம்.

காடு வழிவிட்டது

இலங்கையில் முதற் புகையிரதப் பாதை 1865இல் கொழும்புக்கும் அம்பேபுசைக்கும் இடையே திறக்கப்பட்டது; 1867இல் அது கண்டியை எட்டியது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதே அதன் முதல் நோக்கம். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் நோக்கம் மாறவில்லை. 1905இல் வடக்கே காங்கேசன்துறைக்கும், 1914இல் தலைமன்னாருக்கும், 1924இல் பதுளைக்கும் பாதை சென்று சேர்ந்தது. கிழக்குக்கு முறை வந்தது எல்லாவற்றுக்கும் பின்னரே. மாகோச் சந்தியிலிருந்து பிரிந்து கெக்கிராவை, கபரணை வழியாகக் கல்லோயாச் சந்திக்கு வந்த பாதை, அங்கே இரண்டாகி, 1927இல் திருகோணமலையையும் 1928இல் மட்டக்களப்பையும் அடைந்தது.

இங்கே மாணவர்க்கு ஒரு சொல். இந்தக் கல்லோயாச் சந்தி வேறு. அம்பாறைப் பக்கத்தில் இங்கினியாகலையில் அணைகட்டப்பட்ட கல்லோயா வேறு. பெயர் ஒன்றாயிருப்பதால் தேசப்படத்தில் தடுமாறுவோர் பலர்.

அப்பாதை சென்ற காட்டின் தன்மையை அறிய ஒரு செய்தி போதும். வண்டி ஓடத் தொடங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1924இல், புணாணைப் பகுதியில் சிறுத்தை ஒன்று மனிதரை வேட்டையாடத் தொடங்கியது. பன்னிரண்டு பேரையேனும் அது கொன்றுவிட்டது. இறுதியில் ஷெல்டன் ஏகர் என்னும் வேட்டையாளர் அதைச் சுட்டு வீழ்த்தினார். ஆட்கொல்லிச் சிறுத்தை இந்தியாவில் பெருங்கதை. இலங்கையிலோ இந்த ஒன்றே பெயர்பெற்றது. இன்று புணாணை நிலையத்தில் வண்டி நிற்கும் சிறு பொழுதில் வெளியே பார்த்தால், அச்சம் தரத்தக்கதாக ஒன்றுமில்லை. மரநிழலும் மௌனமுமே தெரிகின்றன.

சிறுத்தைக்கு அடுத்த தடை ஆறு. இலங்கையின் நீளமான ஆறாகிய மகாவலி, மன்னம்பிட்டியில் பாதையை மறித்துக்கொண்டு கிடந்தது. அதன் மேல் இரும்புப் பாலம் கட்டினர். வாழைச்சேனைப் பக்கத்தில் ஓட்டமாவடியிலும் இரும்புப் பாலம் எழுந்தது. இரண்டு பாலங்களும் சிக்கனத்தின் பிள்ளைகள். புகையிரதமும் மோட்டார் வண்டியும் மாட்டுவண்டிலும் ஒரே பாலத்தின் மேல் செல்ல வேண்டும். வண்டி வரும் நேரத்தில் மற்றவையெல்லாம் இரு கரையிலும் காத்து நிற்கும். இந்த நூற்றாண்டில்தான் சாலைக்கென்று தனிப் பாலங்கள் வந்தன.

வாசல் திரும்பியது

நாம் செங்கலடிக்கு இறங்கி, ஏறாவூர் வழியாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும்போது ஒன்றைக் கவனிக்கலாம். புகையிரத நிலையம் கோட்டையின் அருகே இல்லை. கச்சேரியும் பழைய கடைத்தெருவும் இருந்த புளியந்தீவிலும் இல்லை. வடக்கே, பெருநிலப்பக்கத்தில் நிற்கின்றது. தண்டவாளம் வாவியைத் தாண்டவில்லை. வாவிதான் தன் மக்களைத் தண்டவாளத்தை நோக்கி அனுப்பியது. கோட்டையின் வாயில் நீரைப் பார்த்திருக்க, ஊரின் கால்கள் நிலையத்தின் பக்கம் நடக்கத் தொடங்கின. அதே பத்தாண்டில், 1924இல், தேசாதிபதி மானிங்கின் மனைவியார் பெயரைத் தாங்கிக் கல்லடிப் பாலமும் திறக்கப்பட்டிருந்தது. நீர்வழி மெல்ல மெல்ல நிலவழிக்குத் தன் அதிகாரத்தை ஒப்படைத்த காலம் அது.

மாற்றத்தின் பயனை நம் பாட்டன்மார் கையோடு கண்டனர். முன்பு காற்றையும் கடலையும் கேட்டுப் புறப்பட வேண்டிய கொழும்புப் பயணம், கடிகாரத்தைக் கேட்டுப் புறப்படும் பயணமாயிற்று. மாலையில் ஏறியவர் மறுநாட் காலையில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். சுமார் 350 கிலோமீட்டர் வழியை உறக்கத்திலேயே கடந்துவிடலாம். நெல்லும் கொப்பறாவும் மேற்கே சென்றன. துணியும் இரும்பும் புத்தகமும் கிழக்கே வந்தன.

1956இல் வாழைச்சேனைக் காகித ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. வயலில் எரித்துவிடும் வைக்கோல் அங்கே காகிதமாயிற்று. படுவான்கரை உழவன் நெல்லை மட்டுமன்றி வைக்கோலையும் பொருளாகக் கண்டது அப்பொழுதுதான். பிற்காலத்தில் அவ்வாலை நலிவுற்றது வருந்தத்தக்கது. ஆயினும் பாதையோரத்தில் மற்றொரு விளைச்சல் தோன்றியது. வந்தாறுமூலையில் 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

இப்பாதையில் ஓடிய வண்டிகளுக்கு இட்ட பெயர்களிலும் ஒரு நயம் உண்டு. ஒன்று உதயதேவி, எழுவான்கரை நோக்கி வரும் வண்டிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறில்லை. மற்றொன்று மீனகயா, சிங்களத்தில் அதன் பொருள் பாடும் மீன். டெனன்ட் படகில் சென்று கேட்ட அந்தப் பாட்டு, கொழும்பு நிலையத்தின் அறிவிப்பிலும் ஒலிக்கின்றது.

வாசலுக்கு எட்டாதவர்

இவ்வளவும் நன்மையே. ஆனால், வாசல் திரும்பும்போது எல்லாருடைய வீடும் அதன் அருகே வந்துவிடுவதில்லை. பாதை மட்டக்களப்போடு நின்றுவிட்டது. தெற்கே காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களுக்குத் தண்டவாளம் சென்றதில்லை. மேற்கேயுள்ள படுவான்கரைக்கும் அவ்வாறே.

கரடியனாற்றின் நிலை இதனினும் விந்தையானது. இருப்புப்பாதையின் இரண்டு முனைகளைச் சேர்க்கும் சாலையில் அவ்வூர் இருக்கின்றது. ஒரு முனை பதுளை; மறு முனை மட்டக்களப்பு. இரு முனைகளும் நான்கு ஆண்டு இடைவெளியில் திறக்கப்பட்டன. இடையிலுள்ள ஊர்களுக்கோ சாலை ஒன்றே கதி. அச்சாலையைச் செப்பனிடும் வேலையிலும் கரடியனாறு ஒரு பெருந்துயரைக் கண்டது. 2010ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள், பாதை வேலைக்காகப் பாறை உடைக்கக் கொண்டுவந்து, காவல் நிலைய வளவில் வைத்திருந்த வெடிமருந்து வெடித்து, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நீண்ட போர் முடிந்து ஓராண்டே கழிந்திருந்த வேளையில் அவ்வூர் மக்கள் மீண்டும் ஒரு முறை ஒப்பாரி வைத்தனர். இன்று அச்சாலையில் வழுக்கிக்கொண்டு செல்லும் வாகனங்களில் இருப்போர், அந்த நாளை ஒரு கணமேனும் நினைத்தல் தகும்.

2014இல் மண்முனைத்துறையில் பாலம் திறக்கப்பட்டபோது, படுவான்கரையின் ஒரு பகுதிக்கு நெடுநாளைய ஏக்கம் தீர்ந்தது. பாதைக்காரனின் வரவை எதிர்பார்த்துக் கரையில் குந்தியிருந்த காலம் அங்கே மறைந்தது. அதுவும் வாசலை அண்மையாக்கும் முயற்சியே. தலைவாசல் திறந்து எண்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் கொல்லைப்புறத்துக்குக் கிடைத்த படிக்கட்டு என்று அதனைச் சொல்லலாம்.

பாதை கேட்கும் காவல்

தண்டவாளம் இரும்பாயினும் சாகாவரம் பெற்றதன்று. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி மட்டக்களப்பு நாட்டைப் புரட்டிப்போட்டது. பின்னர் வந்த போர், புகையிரதத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைத்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்தே அது மீண்டும் ஊருக்கு வந்தது. வண்டி வாராத அந்த ஆண்டுகளில் மக்கள் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் பயணம் செய்த பாட்டைப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் வெள்ளமும் நாட்டின் புகையிரதப் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்துச் சென்றன.

பாதைக்கு நேரும் கேடு ஒருபுறமிருக்க, பாதையால் நேரும் கேடும் உண்டு. 2025 பெப்ரவரி 20ஆம் நாள் அதிகாலையில், மட்டக்களப்பிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற வண்டி, கபரணைக்கு அருகே யானைக் கூட்டம் ஒன்றின் மீது மோதியது. ஆறு யானைகளேனும் மாண்டன, வண்டியும் தடம்புரண்டது. பயணிகள் உயிர் தப்பினர். அந்தக் காடு நாம் வருவதற்கு முன் யானைகளின் வாசல். அவற்றின் வழியில் நம் வழியைப் போட்டுக்கொண்ட பின், இரவில் வேகத்தைக் குறைத்துச் செல்வதும் அவற்றின் நடமாட்டத்தை அறிந்து நடப்பதும் நமது கடமையாகிவிடுகின்றது.

சென்னை டிராம் 1953இல் நின்றது. கொழும்பு டிராமும் 1960இல் ஓய்ந்துவிட்டது. அவை நின்ற மறுநாளும் அந்நகரத்தார் வேலைக்குச் சென்றனர். அதே தெருவில் பஸ் வண்டி வந்தது. நகருக்குள் ஒரு வழி போனால் வேறு பத்து வழிகள் உண்டு. மட்டக்களப்புப் பாதையின் கதை அதுவன்று. கொழும்பின் பெரிய மருத்துவமனைக்குக் கிடத்திக் கொண்டுசெல்ல வேண்டிய நோயாளி, நேர்முகப் பரீட்சைக்குச் செல்லும் ஏழை மாணவன், கைக்குழந்தையும் மூட்டையுமாகப் புறப்படும் தாய் ஆகியோருக்குக் குறைந்த செலவில் நாட்டின் மறுகரையைக் காட்டும் வழி அது. ஆகவே அது ஓரிடத்தில் அறுந்தால் மற்றவருக்கு ஒரு செய்தி. கிழக்குக்கு அது கதவு சாத்தப்படும் ஓசை.

கரடியனாற்றிலிருந்து புறப்படும் மாணவன் ஒருவன் முதலில் பதுளை வீதியில் பஸ் ஏற வேண்டும். செங்கலடியில் இறங்க வேண்டும். ஏறாவூரிலோ மட்டக்களப்பிலோ வண்டி பிடிக்க வேண்டும். இந்த மூன்றில் எது தவறினாலும் அவன் பயணம் தவறும். இருப்புப்பாதையைக் காக்க வேண்டும் என்று நாம் பேசும்போது, அதன் இரும்பை மட்டும் எண்ணினால் போதாது. அந்த மாணவன் நேரத்துக்கு நிலையத்தை அடையும் சாலையையும், பஸ் வண்டியையும், பாலத்தையும் சேர்த்தே எண்ண வேண்டும். தண்ணீரின் மேல் ஒரு மரத்தட்டை மிதக்கவிட்டு, அதற்குப் பாதை என்று பெயரிட்ட மக்கள் நாம். இக்கரையிலுள்ளவன் அக்கரை சேர வேண்டும் என்பதே அந்தப் பெயருக்குள் இருக்கும் பொருள். அப்பொருள் இருப்புப்பாதைக்கும் உரியதாகட்டும்.